வரிப்படமும் வாசகமும்: அச்சுக்கோப்பிலே வரைகலை வளர்ந்த வரலாறு

நூல் என்பது எழுத்தால் மட்டும் ஆவதன்று. கேத்திரகணிதம், வானியல், பொறியியல், இரசாயனம் ஆகிய துறைகளிலே வாசகத்தோடு வரிப்படமும் ஒருங்கு நின்றாலன்றிப் பொருள் விளங்காது. முக்கோணமொன்றின் பண்பினை நிறுவப் புகும் ஆசிரியர், “கச என்னும் கோட்டை எடுத்துக்கொள்க” என்று தொடங்கியவுடன், கற்போன் கண் அயலிலுள்ள வரிப்படத்தை நாடுகின்றது. வாசகமும் வரிப்படமும் இரண்டெனத் தோன்றினும் அவை உணர்த்தும் பொருள் ஒன்றே. ஆயினும், அச்சுக்கலையின் வரலாற்றிலே இவ்விரண்டும் நெடுங்காலம் வெவ்வேறு கைகளில் இருந்தன. வாசகம் ஆசிரியனுடையது, வரிப்படமோ செதுக்குவோனுடையது. ஆசிரியன் கருதியது ஒன்றாகவும் செதுக்குவோன் அமைத்தது பிறிதொன்றாகவும் ஆதற்கு அங்கே இடமிருந்தது.

இப்பிளவு எவ்வாறு தோன்றிற்று, கணினி வழி அச்சுக்கோப்பு வந்த பின்னர் எவ்வாறு நீங்கிற்று, அது நீங்குதற்குத் துணைச் சார்புகள் எனப்படும் சிறு கருவிகள் எங்ஙனம் உதவின என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சுப்பொறியும் வரிப்படமும்

ஐரோப்பாவிலே பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயங்கெழுத்து அச்சுமுறை தோன்றியபோது, சமய நூல்களும் இலக்கண நூல்களும் விரைவில் அச்சேறின. கணித நூல்கள் பின்தங்கின. காரணம் வெளிப்படை. எழுத்துக்களை வார்த்து வைத்துக்கொண்டால் அவற்றை எத்தனை நூலுக்கும் மாற்றி மாற்றிக் கோக்கலாம். வரிப்படமோ ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆக்கல் வேண்டும்.

ஓக்ஸ்பேர்க் நகரினின்று வெனிசு நகருக்கு வந்து அச்சகம் நடத்திய எர்காட் இராட்டோல்ற் என்பார், 1482ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் யூக்கிளிட்டின் ‘மூலங்கள்’ என்னும் நூலை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். அந்நூல் அச்சேறியது அதுவே முதன்முறை. அதன் ஓரங்களிலே நானூற்றுக்கு மேற்பட்ட வரிப்படங்கள் இடம்பெற்றன. வெனிசு நகரத்து அச்சகங்களிலிருந்து கணித நூல்கள் அரிதாகவே வெளிவந்தமைக்கு வரிப்படங்களை அமைப்பதிலுள்ள இடர்ப்பாடே காரணம் என்று அவர் தம் முகவுரையிலே குறிப்பிட்டார். அவ்விடர்ப்பாட்டை அவர் மரச்செதுக்கினால் வென்றாரா, உலோகக் கோடுகளை வளைத்து வென்றாரா என்பது இன்றும் ஆய்வாளரிடையே வாதத்திற்குரிய பொருளாகும்.

இராட்டோல்ற் காட்டிய வழியிலே பின்வந்தோர் பலவாறு முயன்றனர். 1570இல் இலண்டனில் வெளியான கென்றி பில்லிங்சிலியின் ஆங்கில மொழிபெயர்ப்பிலே, திண்மக் கேத்திரகணிதத்தை விளக்கும் பொருட்டு, மடித்து நிமிர்த்தக்கூடிய காகிதத் துண்டுகள் பக்கத்தில் ஒட்டப்பட்டன. 1637இல் தெக்காட்டு என்னும் பிரான்சிய அறிஞர் தம் ‘கேத்திரகணிதம்’ என்னும் நூலை வெளியிட்டபோது, வரிப்படங்களை வரைந்தளித்தவர் பிரான்ஸ் வான் ஸ்கூட்டன் என்னும் ஒல்லாந்த இளைஞர். வளையிகளைச் சமன்பாட்டினாற் சுட்டலாம் என்று உலகிற்குக் கற்பித்த நூலுக்கே வளையிகளை வரையப் பிறிதொரு கை வேண்டியிருந்தமை கருதத்தக்கது. 1847இல் ஒலிவர் பேண் என்பார் யூக்கிளிட்டின் முதலாறு புத்தகங்களை இலண்டனில் வெளியிட்டார். க, ச, ட என்னும் எழுத்துக்குறிகளுக்குப் பதிலாகச் சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய நிறங்களையே வாசகத்தின் நடுவிலும் வரிப்படத்திலும் இட்டு, இரண்டையும் ஒன்றாக்க முயன்றார் அவர். அம்முயற்சி அழகியது, ஆனால் ஒவ்வொரு நிறத்திற்கும் தனி அச்சு வேண்டியதாதலின் மிகுந்த உழைப்பை வேண்டிநின்றது.

வரிப்படம் வேறு கைக்குச் செல்வதால் விளையும் கேடு பொருட்செலவு மட்டுமன்று. அச்சுக்கலைக்கு முற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்த யப்பானிய அறிஞர் கென் சைத்தோ, அவற்றிலே பொதுவான இணைகரம் செவ்வகமாகவும், பொதுவான முக்கோணம் இருசமபக்க முக்கோணமாகவும் பலவிடத்தும் வரையப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டியுள்ளார். வாசகம் “யாதாயினும் ஒரு முக்கோணம்” என்கின்றது. வரிப்படமோ குறித்த ஒரு முக்கோணத்தைக் காட்டுகின்றது. கண்ணை மட்டும் நம்பும் மாணவன் இல்லாத பண்பொன்றை உண்டெனக் கொள்ளுதல் கூடும்.

யூக்கிளிட்டு வகுத்த முறை

இனி, நம் பொருளுக்கு அடிப்படையான ஒரு கருத்தை யூக்கிளிட்டினிடமே காணலாம். ‘மூலங்கள்’ நூலின் முதற் புத்தகத்து முதல் எடுத்துரைப்பு, தரப்பட்ட கோட்டின்மீது சமபக்க முக்கோணத்தை அமைக்கும் வகையைக் கூறுகின்றது. இரண்டாம் எடுத்துரைப்பு, ஒரு கோட்டின் நீளத்தை வேறொரு புள்ளிக்குக் கொண்டுசெல்லும் வகையைக் கூறுகின்றது. அது முதலாவதைப் பயன்படுத்துகின்றது. மூன்றாவது, நீண்ட கோட்டிலிருந்து குறுங்கோட்டின் அளவை வெட்டியெடுக்கும் வகை; அது இரண்டாவதைப் பயன்படுத்துகின்றது. ஒன்பதாவது கோணத்தை இருகூறிடுவது. பத்தாவது கோட்டை இருகூறிடுவது. பதினோராவது செங்குத்து அமைப்பது. இவை யாவும் முன்னையவற்றின் மேலேயே எழுப்பப்பட்டவை.

இருகூறிடும் வகையை ஒருமுறை நிறுவிய பின்னர் யூக்கிளிட்டு அதனை மறுபடியும் விரித்துரைப்பதில்லை. “இக்கோட்டை இருகூறிடுக” என்று கூறி அப்பாற் செல்கின்றார். செய்து முடித்த வேலைக்குப் பெயரிட்டு, அப்பெயரையே கருவியாகக் கொள்ளும் முறை இது. இக்காலக் கணினியியலார் துணைச் சார்பு என்று கூறுவது இதனையே. பலமுறை வேண்டப்படும் சிறு வேலையொன்றை ஒருமுறை எழுதிப் பெயரிட்டு வைத்து, வேண்டியபோது தரவுகளைக் கொடுத்து அழைத்தலே அதன் இயல்பாகும். பெயர் புதிது, முறை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது.

பெல் ஆய்வுகூடத்துச் சிறுமொழிகள்

கணினி கொண்டு நூல்களை அச்சுக்கோக்கும் முயற்சியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற்குச் சிறப்பிடம் உண்டு. அங்கே ஜோ ஒசான்னா என்பார் 1973ஆம் ஆண்டளவில் ‘ற்றோவ்’ என்னும் அச்சுக்கோப்புச் செய்நிரலை ஆக்கினார். ஒளிப்பட முறையால் எழுத்துக்களைப் பதிக்கும் பொறியொன்றை அது இயக்கிற்று. ஆனால், சமன்பாடுகளையும் அட்டவணைகளையும் அதனைக்கொண்டு நேரே அமைத்தல் பெருந்துன்பம். ஆகவே, அங்கிருந்த அறிஞர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சிறுமொழியை வகுத்தனர். பிரையன் கேர்ணிகனும் லொறின்டா செரியும் சமன்பாடுகளுக்கென ‘ஈக்குவன்’ என்னும் மொழியை ஆக்கி 1975இல் அதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். வரிப்படங்களுக்கெனக் கேர்ணிகன் ஆக்கிய ‘பிக்’ என்னும் மொழி 1982இல் ஆய்விதழில் வெளியாயிற்று.

பிக் மொழியின் சிறப்பு யாதெனின், அது ஆள்கூறுகளை எண்ணிக் கணக்கிடும் சுமையைப் பெரும்பாலும் நீக்கியதாகும். பெட்டி, அம்பு, வட்டம் என்று சொற்களை வரிசையாக எழுதினால், அவை இடமிருந்து வலமாக ஒன்றையொன்று தொட்டு அமைந்துவிடும். ஓர் உருவிற்குப் பெயரிட்டு, “அதன் வலப்புறத்திலிருந்து இதன் இடப்புறம் வரை அம்பு” என்று கூறலாம். அடிக்கடி வேண்டப்படும் உருவத்தொகுதியைப் புதுச் சொல்லாக வரையறுத்துக்கொள்ளவும் இயலும். பின்னர் வரைபுகளுக்கென ‘கிறாப்’ என்பதும், இரசாயனக் கட்டமைப்புக்களுக்கெனக் ‘கெம்’ என்பதும் தோன்றின. இவையிரண்டும் தம் உள்ளீட்டைப் பிக் மொழியாக மாற்றித் தருவன. யூக்கிளிட்டின் எடுத்துரைப்புக்கள் போல, ஒன்றன்மேல் மற்றொன்று எழுந்தமை காண்க. ஜோன் பென்ற்லி என்பார் 1986இல் சிறுமொழிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிக் மொழியையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

கனூத் என்பாரின் பெருமுயற்சி

ஏறத்தாழ இதே காலத்திற் கலிபோணியாவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த டொனால்ட் கனூத், தாம் எழுதிய ‘கணினி நிரலாக்கக் கலை’ என்னும் பெருநூலின் இரண்டாம் தொகுதியைத் திருத்திப் பதிப்பிக்க முற்பட்டார். முதற்பதிப்பு ஈய எழுத்துக்களை வார்த்துக் கோக்கும் பழைய முறையில் அழகுற அமைந்திருந்தது. 1977இல் ஒளிப்பட முறையில் வந்த புறூவ் தாள்களைக் கண்டபோது அவர் மனம் வெதும்பினார். எழுத்துக்களின் வடிவும் இடைவெளியும் அவருக்கு உவப்பாயில்லை. எழுத்தும் பக்கமும் கணினியில் வெறும் புள்ளிகளின் ஒழுங்கேயாயின், அவ்வொழுங்கை வகுத்தல் கணினி அறிஞரின் கடமையே எனத் துணிந்து, தாமே ஓர் அச்சுக்கோப்பு முறைமையை ஆக்கத் தொடங்கினார். அதுவே ‘டெக்’ ஆகும். கலை என்றும் தொழில்நுட்பம் என்றும் பொருள்படும் ‘தெக்னே’ என்னும் கிரேக்கச் சொல்லினின்று அப்பெயர் வந்தது. ஓராண்டில் முடியும் என எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளைக் கொண்டது. அம்முறைமையை அவர் உலகிற்கு விலையின்றி வழங்கினார்.

டெக் முறைமை வாசகத்தையும் சமன்பாட்டையும் நேர்த்தியாகக் கோத்தது. ஆயினும், வரிப்படத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய ஒன்றும் அறியாது. எழுத்துக்களைப் பெட்டிகளாகக் கொண்டு அடுக்குதலும், கிடைக்கோடும் நிலைக்கோடும் இடுதலுமே அதன் இயற்கை ஆற்றல்கள். சாய்கோடு ஒன்றைக்கூட அது தானாக வரையாது. லெஸ்லி லம்போட் என்பார் டெக் மேல் எழுப்பிய ‘லாடெக்’ முறைமையிலே வரிப்படச் சூழல் ஒன்று இருந்தது. அதன் சாய்கோடுகள் சிறு துண்டுகளாக எழுத்துருவினுள்ளே வைக்கப்பட்டிருந்தமையால், கோட்டின் சாய்வைக் குறிக்கும் இரண்டு எண்களும் 6க்கு மேற்படாத முழுவெண்களாதல் வேண்டும். அம்புக்கோ 4க்கு மேற்படலாகாது. வட்டங்களும் குறித்த சில பருமன்களிலேயே கிடைத்தன. இராட்டோல்ற் பட்ட துன்பம் ஐந்து நூற்றாண்டுகளின் பின் வேறோர் உருவில் மீண்டும் வந்ததெனலாம்.

இத்துன்பத்தைத் தீர்க்கும் விதை கனூத்தின் மற்றொரு படைப்பிலே கிடந்தது. எழுத்துருக்களை வரைவதற்கென அவர் 1979இல் ஆக்கி, 1984இல் புதுக்கிய ‘மெற்றாபொன்ற்’ என்னும் மொழியே அது. எழுத்தை வரைய இயன்ற மொழி வரிப்படத்தையும் வரைய வல்லதன்றோ? கனூத்தின் மாணவரான ஜோன் ஹொபி பின்னர் பெல் ஆய்வுகூடத்திலே அதனை வரிப்படத்திற்கேற்ப மாற்றி ‘மெற்றாபோஸ்ற்’ என்னும் மொழியை ஆக்கினார். 1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பக்க விவரண மொழியான போஸ்ற்கிறிப்ற்றிலே அதன் வெளியீடு அமைந்தது. தரப்பட்ட புள்ளிகளினூடாக அழகிய வளையியைச் செலுத்துதற்கு ஹொபி வகுத்து 1986இல் வெளியிட்ட முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

துணைச் சார்புகள் செயற்படும் வகை

மெற்றாபொன்ற் மொழியின் உட்கருவிற் பொதிந்த ஆற்றல்கள் சிலவே. அவற்றின்மேற் கனூத் எழுதிச் சேர்த்த அடிப்படைக் கோப்பிலே சிறு துணைச் சார்புகள் பல உள. ஓரலகுக் காவியை அறிவதற்கு ஒன்று. அது காவியை அதன் நீளத்தால் வகுப்பதன்றி வேறொன்றும் செய்வதில்லை. ஒரு புள்ளியைப் பற்றிச் சுழற்றுதற்கு ஒன்று. அது வரிப்படத்தை உற்பத்திக்கு நகர்த்திச் சுழற்றி மீண்டும் பழைய இடத்திற்கு நகர்த்துகின்றது. கோடொன்றைப் பற்றித் தெறிப்புக் காண்பதற்கு ஒன்று. இவ்வாறு ஓரிரு வரிகளில் அமைந்தவை பல.

அவற்றுள் மிக நுட்பமானது ‘எதுவாயினும்’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லாகும். அஃது அழைக்கப்படுந்தோறும் பெயரில்லாத புதிய கணியமொன்றைத் தருவது. கச, டத என்னும் இரு நேர்கோடுகள் வெட்டும் புள்ளியைக் காண்பது எவ்வாறு? ஆள்கூறுகளை எடுத்து, சமன்பாடுகளைத் தீர்த்து, விடையை எழுதுதல் பழைய வழி. மெற்றாபொன்ற்றிலோ, “இப்புள்ளி கச என்னும் கோட்டில் எங்கேனும் உள்ளது; டத என்னும் கோட்டிலும் எங்கேனும் உள்ளது” என்று இரு கூற்றுக்களை எழுதினாற் போதும். மொழியே ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்த்துப் புள்ளியின் நிலையை அறிந்துகொள்ளும். ஆசிரியன் கூறுவது புள்ளி எங்கேயிருக்கின்றது என்பதன்று. அது யாது என்பதே. கேத்திரகணித நூலின் வாசகமும் இவ்வாறே பேசுகின்றது.

நேர்கோடல்லாத இரு வளையிகள் வெட்டுமிடத்தைக் காண வேறு வழி கையாளப்படுகின்றது. ஒவ்வொரு வளையியையும் சூழ்ந்து ஒரு செவ்வகம் கருதப்படும். இரு செவ்வகங்களும் ஒன்றையொன்று தொடாவிடின் அங்கே வெட்டு இல்லை. தொடுமாயின் வளையிகள் ஒவ்வொன்றும் இருகூறாக்கப்பட்டு, அக்கூறுகளின் செவ்வகங்கள் மீண்டும் ஒப்புநோக்கப்படும். இவ்வாறு கூறுகள் நுணுகி நுணுகி, ஈற்றில் வெட்டும் புள்ளி அகப்படுகின்றது. பயன்படுத்துவோன் இவற்றுள் ஒன்றையும் அறிய வேண்டுவதில்லை. “வெட்டும் புள்ளி” என்னும் பெயரை அறிந்தாற் போதும்.

இதனால் விளையும் பயன் பெரிது. முக்கோணமொன்றின் உச்சியைச் சற்று நகர்த்த வேண்டின், மரச்செதுக்குக் காலத்திலே புது புளொக் வெட்டல் வேண்டும். அளவெடுத்து வரையும் முறையிலோ எல்லா ஆள்கூறுகளையும் மறுபடி கணித்தல் வேண்டும். துணைச் சார்புகளால் அமைந்த வரிப்படத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றினாற் போதும். நடுப்புள்ளிகளும் செங்குத்துக்களும் சுற்றுவட்டமும் தத்தம் இடத்திற்குத் தாமே செல்லும். ஏனெனில் அங்கே எழுதப்பட்டிருப்பது கோடுகளன்று, கோடுகளுக்கிடையிலுள்ள உறவு. பொது முக்கோணம் இருசமபக்கமாய் மயக்கம் தருகின்றதா என்று ஐயுறும் ஆசிரியர் உச்சியை நகர்த்திப் பார்த்துத் தெளியலாம்.

டிக்ஸ் என்னும் தொகுதி

யேர்மனியரான ரில் ரன்ராவ் என்பார், தம் கலாநிதிப்பட்ட ஆய்வேட்டிற்கு வேண்டிய வரிப்படங்களை லாடெக்கினுள்ளேயே வரையும் பொருட்டுச் சிறு கோப்பொன்றை எழுதினார். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அது வளர்ந்து ‘டிக்ஸ்’ என்னும் பெருந்தொகுதியாயிற்று. “டிக்ஸ் ஒரு வரைதற் செய்நிரல் அன்று” என்னும் யேர்மன் வாக்கியத்தின் சுருக்கமே அப்பெயர். சுட்டியைப் பிடித்துக் கையால் வரையும் கருவியன்று, சொல்லால் வரையும் கருவி என்பதே அதன் கருத்து. இரு புள்ளிகளின் நடுப்புள்ளி, ஒரு புள்ளியிலிருந்து கோட்டிற்கு இறக்கிய செங்குத்தின் அடி, இரு பாதைகளின் வெட்டு ஆகியவற்றைத் தரும் துணைத் தொகுதிகள் அதிலே அடங்கியுள்ளன. வரிப்படமும் வாசகமும் ஒரே கோப்பில், ஒரே எழுத்துருவில், ஒரே ஆசிரியனின் கையில் அமைகின்றன.

டிக்ஸ் தொகுதியின் கைந்நூலிலே பயிற்சிப் பாடங்கள் சில உள. அவற்றுள் ஒன்று, யூக்கிளிட்டின் முதற் புத்தகத்து முதலிரண்டு எடுத்துரைப்புக்களையே வரையக் கற்பிக்கின்றது. இரு வட்டங்களை அமைத்து, அவை வெட்டும் புள்ளியைப் பெயரிட்டழைத்து, சமபக்க முக்கோணத்தை முடிக்கும் வகை அங்கே படிப்படியாக விளக்கப்படுகின்றது. 1482இல் இராட்டோல்ற் ஓரத்தில் அரும்பாடுபட்டுப் பதித்த அதே உருவம் இன்று சில வரி வாசகமாய் நிற்கின்றது.

கருவியின் எல்லை

நன்மையை மட்டும் கூறி அமைதல் வரலாற்றுக்கு அழகன்று. மெற்றாபொன்ற் தன் எண்களை ஒன்றின் 65536இல் ஒரு கூறு வரையே நுணுகிக் காணும். 4096ஐ எட்டும் எண்களைப் பொதுவில் அது ஏலாது. டெக்கின் நீள அளவைகளும் 16384 புள்ளியளவை எட்டா. டிக்ஸ் தன் கணக்குகளை டெக்கின் அளவைகளைக் கொண்டே பெரும்பாலும் செய்வதாதலின், சைன் பெறுமானங்களைக்கூட அது அட்டவணையாக வைத்திருந்து எடுத்தாள்கின்றது. ஏறக்குறையச் சமாந்தரமான இரு கோடுகளின் வெட்டைத் தேடும்போது இடைக்கணக்கில் எண் மிகப் பெருகி, “அளவை மிகப் பெரிது” என்று கணினி மறுத்துரைப்பதும் உண்டு. கேத்திரகணிதத்துப் புள்ளி பரிமாணமற்றது. கணினியின் புள்ளியோ எண்களின் எல்லைக்கு உட்பட்டது. ஆகவே, வரிப்படம் சரியாகத் தோன்றுகின்றது என்பது நிறுவலாகாது. நிறுவல் எக்காலத்தும் வாசகத்திற்கே உரியது.

மேலும், ஆயத்தமான சார்பை அழைப்பது எளிதாயிருப்பதே ஓர் அபாயம். செங்குத்தின் அடியைத் தரும் பெயரை அறிந்தவன் செங்குத்தை அமைக்கும் வகையை அறிந்தவனாகான். யூக்கிளிட்டு, தாம் நிறுவாத கருவியைக் கையாண்டதில்லை. மாணவரும் அவ்வொழுக்கத்தைக் கைக்கொள்ளல் நன்று. இருகூறிடும் சார்பைப் பயன்படுத்துமுன், கவராயமும் அளவுகோலும் கொண்டு ஒருமுறையேனும் இருகூறிட்டுப் பார்த்தல் வேண்டும். பின் அச்சார்பைத் தாமே எழுதிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு செய்தோர்க்கு அப்பெயர் அறிவின் சுருக்கமாகும்; செய்யாதோர்க்கு அது வெறும் மந்திரமே.

முடிவுரை

வெனிசு நகரத்து அச்சகத்திலிருந்து இற்றைக் கணினி வரை வரிப்படத்தின் வரலாற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு நெறி புலனாகும். செதுக்குவோன் கையிலிருந்த வரிப்படம் மெல்ல மெல்ல ஆசிரியனின் சொல்லுக்குள் வந்து சேர்ந்தது. அவ்வாறு சேர்த்தவை பெருங் கருவிகள் மட்டுமல்ல. நடுப்புள்ளி, வெட்டும் புள்ளி, தெறிப்பு, சுழற்சி என்னும் சிறு சார்புகளுமே. அவை யாவும் கேத்திரகணிதத்தின் பழஞ் சொற்கள். அச்சொற்களைக் கணினிக்கு விளங்கும்படி செய்தமையே இக்கால அறிஞரின் பணி.

இம்முறைமைகள் விலையின்றிக் கிடைப்பன. செல்வம் மிக்க பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஒருவர் அமைக்கும் வரிப்படத்திற்கு எவ்வாற்றானும் குறையாத வரிப்படத்தைச் சிற்றூர்ப் பாடசாலை மாணவரும் அமைத்தல் கூடும். அதற்கு வேண்டுவன இரண்டே. வரைய விரும்புவது யாது என்னும் தெளிவு ஒன்று. அதனைப் பிழையறச் சொல்லும் ஆற்றல் மற்றொன்று. இவ்விரண்டையும் பயிற்றுவிப்பது பாடசாலையின் பழைய கடமையேயாகும்.